மிஞ்சிப் போன விளையாட்டுக் கட்டைகளை வீசிடாதீங்க!



பரண் மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கட்டைகள் கிடக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ண வண்ணமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றைச் சொருகி வீடு, வண்டி, கோபுரம் என்று கட்டுகிற கட்டைகள். பிள்ளைகள் இதை 'பில்டிங் பிளாக்' என்று சொல்லும். சிங்கப்பூரில் இருந்தோ வளைகுடாவில் இருந்தோ ஊருக்கு வந்த மாமா வாங்கி வந்ததாக இருக்கும். டவுனில் வேலை பார்க்கிற வீட்டில் "எடுத்துட்டுப் போம்மா" என்று கொடுத்ததாகவும் இருக்கும். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும்கூட பாதி தொலைந்து போன பெட்டி ஒன்று மூலையில் இருக்கும்.

பிள்ளை வளர்ந்துவிட்டது. பெட்டி கிழிந்துவிட்டது. படத்தில் இருக்கிற மாதிரி கட்ட முடியாது, பாதிக் கட்டையைக் காணோம். "இனி இது எதுக்கு ஆகும்?" என்று குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறோம். அந்தப் புகை அடுப்படிக்குள் வந்து நம் பிள்ளைகள் மூக்கில்தான் ஏறுகிறது.

பெட்டி நிறைய இருந்தால்தான் பொம்மை. ஆனால் வேலைக்கு ஆக பெட்டி நிறையத் தேவையில்லை. ஆறே கட்டை இருந்தாலும் ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்தலாம். நூறு கட்டை இருந்தால் வட்டிக் கணக்கு தெரியாமல் யாரிடமும் ஏமாறாமல் இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது?

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற மரத்தச்சர் 1932-ல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய தொழிலுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கிய பெயர் அது. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இன்று நாம் பார்க்கிற கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். இதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் செய்ய, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெறும் ஆறு கட்டைக்கே அவ்வளவு!

மிஞ்சிய கட்டையை வைத்துப் பெரிய வேலை செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஹனாவ் என்ற ஊரில் ரீட்டா ஏபல் என்ற பாட்டி, தானே சக்கர நாற்காலியில் இருப்பவர். கடை வாசலில் ஒரு படி இருந்தாலும் உள்ளே போக முடியாது. 2019 முதல், ஊரார் கொடுத்த பழைய கட்டைகளை ஒட்டி ஒட்டிச் சாய்தளம் செய்து கடை வாசல்களில் வைத்தார். 'லெகோ பாட்டி' என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் சாய்தளத்துக்கு இவ்வளவு கட்டை கிடைக்காது. கொத்தனாரிடம் சொன்னால் சிமெண்டிலேயே போட்டுவிடுவார். ஆனால் ஒரு படி எத்தனை பேரைத் தடுக்கிறது என்று அந்தப் பாட்டி எல்லாருக்கும் காட்டினார் பாருங்கள், அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: பிரிப்பதும் கழுவுவதும்

1. கட்டைகளை ஒரு பழைய சேலையில் கொட்டுங்கள். உடைந்தது, விரிசல் விட்டது, சாயம் உரிவது, பிசுபிசுப்பு ஆனது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். அவற்றைக் கொளுத்த வேண்டாம். உலர் குப்பையாகத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள்.

2. நல்லதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கட்டை நெளிந்துவிடும், பிறகு சொருகாது. நிழலில் காய வையுங்கள்.

3. பல கம்பெனிக் கட்டை கலந்திருக்கும். ஒன்றோடு ஒன்று சேர்கிறதா என்று சொருகிப் பார்த்துப் பிரியுங்கள். சேராததையும் வீச வேண்டாம். எண்ணுவதற்கும் அச்சு வைப்பதற்கும் ஆகும்.

4. பெரியது தனி, சிறியது தனி. இதில் அலட்சியம் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை எதையும் வாயில் போடும். வாய்க்குள் போகிற அளவு துண்டு எதுவும் அந்தப் பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கு முன் வாங்கிய, பேர் தெரியாத மலிவுக் கட்டைகளில் என்ன சாயம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருப்பதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல், பெரியவர்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிக்கு 'ஆறு கட்டைப் பை'

தென் ஆப்பிரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு 'ஆறு கட்டைகள்' என்றே ஒரு பாடமுறை நடத்துகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு நிறத்தில் ஆறு பெரிய கட்டை. அவ்வளவுதான். நம் குழுவிலும் ஒவ்வொரு பைக்கும் ஆறு நிறம் சேர்த்து, வெட்டுத்துணியில் சுருக்குப்பை தைத்துப் போட்டுக் கொடுக்கலாம். அதை வைத்து விளையாடச் சில யோசனைகள்:

- அங்கன்வாடிப் பணியாளர் மூன்று கட்டையை அடுக்கிக் காட்டித் துணியால் மூடுவார். பிள்ளைகள் அதே வரிசையில் அடுக்கணும். ஞாபகசக்தி வளரும்.
- "சிவப்புக்கு மேல் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள்" என்று சொல்லச் சொல்லச் செய்யணும். மேலே, கீழே, பக்கத்தில் என்ற சொற்கள் தானாக வரும்.
- கண்ணை மூடிக்கொண்டு சொருகிப் பிரிக்கணும். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களுக்கு நல்ல பயிற்சி.
- கட்டையைத் தலைமேல் வைத்து, விழாமல் நடந்து வரணும். குடம் சுமந்த நமக்கு இது பெரிய விஷயம் இல்லை, பிள்ளைகளுக்குப் பெரிய சவால்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் பிள்ளைகள் பொருளை வைத்தே கணக்குப் படிக்கிறார்கள். வீட்டில் நாமும் உதவலாம். பத்துக் கட்டை அடுக்கினால் ஒரு 'பத்து'. தனிக் கட்டை 'ஒன்று'. 34 என்றால் மூன்று கோபுரமும் நாலு தனிக் கட்டையும். 34-ல் 8 போகணும் என்றால் நாலு போதாது. ஒரு கோபுரத்தை உடைக்க வேண்டியதுதான். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றால் என்ன என்று பிள்ளைக்கு அப்போதே புரிந்துவிடும்.

பார்வையில்லாத பிள்ளைக்கு எழுத்து

பிரெய்ல் எழுத்து ஆறு புள்ளியில் அமைந்தது. இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. தமிழுக்கும் இதே ஆறு புள்ளிதான். 'அ' என்றால் 1-ம் புள்ளி மட்டும். 'க' என்றால் 1, 3. 'ம' என்றால் 1, 3, 4. கட்டையின் குமிழையே புள்ளியாக வைத்து, பிரெய்ல் கற்பிக்கும் கட்டைகளை 2020-ல் லெகோ நிறுவனத்தின் அறக்கட்டளை பார்வையற்றோர் பள்ளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது.

நம்மிடம் ஆறு குமிழ் உள்ள கட்டை மிஞ்சிக் கிடந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வேண்டிய குமிழை விட்டுவிட்டு மற்றதைக் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளில் வழவழவென்று தேய்க்கணும். கட்டையைத் திருப்பிப் பிடித்தால் எழுத்தே மாறிவிடும். அதனால் அடிப்பக்க ஓரத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள், கோடு இருக்கிற பக்கம் கீழே வரணும். அதன் பக்கத்தில் தமிழ் எழுத்தையும் எழுதினால், கண் தெரிந்த அண்ணன் தங்கையும் கூட உட்கார்ந்து விளையாடும்.

இது தாளில் இருக்கிற பிரெய்லைவிடப் பெரியது. முதல் படிக்கு மட்டும்தான். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். நாம் செய்ததை அவரிடம் காட்டி, சரி பார்த்த பிறகு கொடுங்கள். நம் குழுவில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை இருந்து, "இவளுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு" என்று வீட்டோடு வைத்திருந்தால், இந்தக் கட்டையைக் காரணமாக வைத்தாவது அந்த வள மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

தையலுக்கும் பைக்கும்

தையல் பழகுகிறவர்களுக்கு ஓரம் நேராக வருவதுதான் கஷ்டம். நீளமான கட்டை ஒன்றை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, மெஷினில் ஊசிக்கு வலப்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஊசியில் இருந்து அரை அங்குலம் என்றால் அரை அங்குலத்தில் அளந்து வையுங்கள். துணியை நகர்த்துகிற பல்லை மறைக்கக் கூடாது. துணி ஓரத்தைக் கட்டையோடு உரசிக்கொண்டே தைத்தால் தையல் கோடு போட்ட மாதிரி வரும்.

துணிப்பை தைக்கிற குழுக்கள் கட்டையை அச்சாக வைத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. வெறும் மஞ்சப்பையில் பூ வேலை இருந்தால் வாங்குகிறவர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். ஸ்பாஞ்சில் துணிச் சாயம் ஊற்றி, கட்டையின் குமிழ் பக்கத்தைத் தொட்டு வைத்தால் வரிசையாகப் புள்ளி விழும். புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தது மாதிரி. அடிப்பக்கத்தைத் தொட்டு வைத்தால் சதுரத்துக்குள் வட்டம் விழும். முதலில் பழைய துணியில் வைத்துப் பழகுங்கள். காய்ந்ததும் பையை உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும்.

குழுக் கூட்டத்தில் வட்டிக் கணக்கு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பொருளை வைத்துக் கணக்குப் படிப்பது நம் மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. பல்லாங்குழியில் புளியங்கொட்டை எண்ணித்தான் நாம் எல்லாரும் கணக்கு ஆரம்பித்தோம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கணக்கு தெரிந்தால்தான் தொழில் நம் கையில் நிற்கும் என்று அப்போதே பார்த்தோம். இன்று வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரிகிறது. எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று கேட்டால் பல பேருக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடன் 10,000 ரூபாய். பத்து மாதத் தவணை. மாதம் 1,000 ரூபாய் அசல் அடைக்கணும். வட்டி நூற்றுக்கு 1 ரூபாய்.

பெரிய கட்டை ஒன்று 1,000 ரூபாய். பத்து பெரிய கட்டையை அடுக்குங்கள், அதுதான் கடன். சின்னக் கட்டை ஒன்று 10 ரூபாய் வட்டி. சின்னக் கட்டை போதாவிட்டால் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை: நிலுவைக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் பத்து பெரிய கட்டை நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டை, ஆக 10. அதாவது 100 ரூபாய் வட்டி. 1,000 அசல் கட்டிவிட்டோம், ஒரு பெரிய கட்டையை எடுத்துவிடுங்கள். இரண்டாம் மாதம் ஒன்பதுதான் நிற்கிறது. வட்டி 90. மூன்றாம் மாதம் 80. இப்படியே பத்தாம் மாதம் வட்டி 10 ரூபாய். ஒவ்வொரு மாத வட்டிக் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இறங்குகிற படிக்கட்டு மாதிரி இருக்கும். மொத்தம் 55 கட்டை. வட்டி 550 ரூபாய்.

இரண்டாம் முறை: பிளாட் வட்டி. இதிலும் நூற்றுக்கு 1 ரூபாய்தான் என்பார்கள். ஆனால் அசல் எவ்வளவு அடைத்தாலும் ஒவ்வொரு மாதமும் முழு 10,000-க்கே வட்டி. மாதா மாதம் 10 சின்னக் கட்டை. அடுக்கினால் படிக்கட்டு வராது, சுவர்தான் வரும். மொத்தம் 100 கட்டை. வட்டி 1,000 ரூபாய்.

இப்போது கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வி வரும்:

"ஏங்க்கா, ரெண்டுமே ஒரு ரூபா வட்டின்னுதானே சொன்னாங்க?"

"வாயில சொன்னது ஒண்ணுதான் தங்கச்சி. படிக்கட்டையும் சுவரையும் பாரு. நீ கட்டி முடிச்ச காசுக்கும் சேத்து வட்டி வாங்கியிருக்காங்க."

கடைசி மாதத்தைப் பாருங்கள். நம் கையில் நிற்கிற கடன் 1,000 ரூபாய்தான். அதற்குப் பிளாட் முறையில் 100 ரூபாய் வட்டி. ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு 10 ரூபாய்! மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், ஒரு ரூபாய் என்று சொன்ன பிளாட் வட்டி, நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட 1 ரூபாய் 80 காசு ஆகிறது.

இதை ஒருத்தர் சொல்லி மற்றவர்கள் கேட்டால் மறந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரே தன் கையால் கட்டையை எடுத்து வைக்கணும். அப்போதுதான் அடுத்த முறை கடன் கொடுக்க வருகிறவரிடம் "தம்பி, இது படிக்கட்டா சுவரா?" என்று கேட்கத் தைரியம் வரும்.

ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றும் நமக்குத் துணை இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், நுண்கடன் கொடுக்கிற வங்கியும் நிதி நிறுவனமும் கடன் விவரத்தாள் ஒன்று கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் இருக்க வேண்டும். கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

குழுப் பணம் எங்கே இருக்கு?

இதே கட்டையில் குழுவின் நிலையையும் காட்டலாம். ஒரு கட்டை 5,000 ரூபாய் என்று வையுங்கள். குழுவின் மொத்தப் பணம் 1 லட்சம் என்றால் 20 கட்டை. உறுப்பினர்களிடம் உள்கடனாக 70,000 இருந்தால் 14 சிவப்பு. வங்கியில் 25,000 இருந்தால் 5 பச்சை. கையிருப்பு 5,000 என்றால் 1 மஞ்சள். தவணை தவறிய கடன் இருந்தால் அந்தச் சிவப்புக் கட்டையைத் தனியே தள்ளி வையுங்கள்.

ரொக்கப் புத்தகமும் பேரேடும் இதனால் வேண்டாம் என்று ஆகாது. கணக்கு நோட்டில்தான் இருக்கணும். நோட்டில் இருப்பதை இருபது பேரும் ஒரே பார்வையில் பார்க்கத்தான் கட்டை. "கணக்கு ஊக்குநருக்குத்தான் தெரியும்" என்ற பேச்சு குழுவில் வரக் கூடாது. அந்தப் பேச்சில்தான் சந்தேகம் வரும், சந்தேகத்தில்தான் குழு உடையும்.

கவனிக்க வேண்டியவை

- பழைய கட்டையைப் புதுசு என்று சொல்லி விற்காதீர்கள். கம்பெனிப் பேரைப் போட்டும் விற்காதீர்கள். அங்கன்வாடிக்குக் கொடுப்பது நன்கொடையாகவே இருக்கட்டும்.
- கொடுக்கும் முன் அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டு, எந்த வயதுப் பிள்ளைக்கு எது என்று பிரித்துக் கொடுங்கள்.
- கத்தியால் செதுக்குவதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். செதுக்கிய துகளைப் பெருக்கி எடுத்துவிடுங்கள். ஆடு, கோழி தின்றுவிடும்.
- இதற்காக யாரும் கடையில் புதுக் கட்டை வாங்க வேண்டாம். கிடைத்தால் கட்டை, கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல். கணக்கு ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் கிடக்கிற கட்டையை ஒரு பையில் கொண்டு வரட்டும். ஐந்து கட்டை இருந்தாலும் சரி. அரை மணி நேரம் ஒதுக்கி எல்லாரும் சேர்ந்து பிரியுங்கள். பெரியதில் ஆறு ஆறாகச் சேர்த்து அங்கன்வாடிக்கு. ஆறு குமிழ் கட்டை இருந்தால் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கும் வரை தனியே. மீதியைக் 'குழுக் கணக்குக் கட்டை' என்று எழுதி, தீர்மான நோட்டு இருக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.

பிறகு, இப்போது யார் யார் வெளியில் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ, அவர்கள் கடன் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடனையும் கட்டையில் அடுக்கிப் பாருங்கள். படிக்கட்டா, சுவரா? பார்த்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சுவராக நிற்கிற கடன் எத்தனை என்று தெரிந்தால்தான், அதைக் குழுவின் உள்கடனாலோ வங்கிக் கடனாலோ அடைக்க வழி உண்டா என்று சேர்ந்து பேச முடியும்.